பை காக்கும் பிள்ளைகளும் பி.பி.எட். படிப்பும்

நாலு வருஷத்துக்கு ஒரு தடவை நமக்கெல்லாம் ஒரு ஜுரம் வரும். பாராலிம்பிக் ஜுரம். பத்துப் பன்னண்டு நாள் டிவி, பேப்பர், வாட்ஸப் எல்லாத்துலயும் "தன்னம்பிக்கை", "சாதனை", "கண்ணீர் வரவழைக்கும் கதை"ன்னு ஓடும். அப்புறம் ஜுரம் இறங்கிடும். அடுத்த வேலையைப் பார்க்கப் போயிடுவோம்.

2024 பாரீஸ்ல இந்தியாவுக்கு மொத்தம் 29 பதக்கம். அதுல தமிழ்நாட்டுக்காரங்க வாங்கினது நாலு. எங்க தர்மபுரிக்கு ஒரு பக்கம் சேலம், அங்க பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு. 2016 ரியோவுல 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவுல வெள்ளி, பாரீஸ்ல வெண்கலம். இன்னொரு பக்கம் கிருஷ்ணகிரி மாவட்டம், அங்க ஓசூர் நித்யஸ்ரீ சிவன், உயரம் குறைந்தவர்களுக்கான பேட்மின்டன்ல வெண்கலம். காஞ்சிபுரம் துளசிமதி முருகேசனும் திருவள்ளூர் மனிஷா ராமதாஸும் அதே பேட்மின்டன்ல இன்னொரு பிரிவுல வெள்ளியும் வெண்கலமும். துளசிமதி நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவி வேற. எல்லாரையும் கையெடுத்துக் கும்பிடணும். அதுல சந்தேகமே இல்ல.

ஆனா இந்தப் பதிவு அவங்களைப் பத்தினது இல்லைங்க. பதக்கம் வாங்காத, வாங்கப் போறதும் இல்லாத பிள்ளைகளைப் பத்தினது. கம்பைநல்லூர் மாதிரி ஒரு பேரூராட்சியில, ஒரு சாதாரணப் பள்ளிக்கூடத்துல, பி.டி. பீரியட் மணி அடிச்சதும் கால் சரியில்லாத பிள்ளை என்ன பண்ணுது?

எல்லாருக்கும் தெரிஞ்ச பதில்தான். வேப்ப மரத்தடியில உக்காந்து மத்தப் பசங்களோட பையையும் வாட்டர் பாட்டிலையும் காவல் காக்குது.

எங்க தெருப் பையன் ஒருத்தன் இருக்கான். பொறக்கும்போதே மூளைக்கு ஆக்ஸிஜன் குறைஞ்சதால ஒரு பக்கம் கையும் காலும் இறுக்கமா இருக்கும். நடப்பான், கொஞ்சம் இழுத்து இழுத்து நடப்பான். படிப்புல கெட்டி. ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் அஞ்சு வருஷம் அவன் பி.டி. பீரியட்ல செஞ்ச ஒரே வேலை பை காவல். விளையாட்டு தினத்துல மட்டும் ஒரு பதவி உயர்வு. ஸ்கோர் எழுதுற வேலை. "என்னடா, நீ ஓடலையா?"ன்னு கேட்டதுக்கு, "ஸார் நல்லவருண்ணா, என்னை எதுவும் செய்யச் சொல்ல மாட்டாரு"ன்னான்.

இந்த வாக்கியத்துலதான் நான் சொல்ல வந்த விஷயமே இருக்கு. அந்த உடற்கல்வி ஆசிரியர் உண்மையிலயே நல்லவர். பையன் மேல பிரியமா இருப்பார். விழுந்து அடிபட்டுடக் கூடாதேன்னு பயம். அதனால உக்கார வெச்சிட்டார். நம்ம ஊர்ல குறைபாடு உள்ள பிள்ளைக்குக் கிடைக்காம போறது அன்பு இல்ல. அந்த அன்பை வெச்சு என்ன செய்யணும்னு தெரிஞ்ச ஒரு ஆசிரியர்தான் கிடைக்கறதில்ல. அந்தத் தெரிதல் தானா வராது, படிச்சுதான் வரணும். அந்தப் படிப்புக்கு ஒரு பேர் இருக்கு. அடாப்டட் பிசிக்கல் எஜுகேஷன். தமிழ்ல தகவமைப்பு உடற்கல்வின்னு சொல்லலாம். ஆளுக்கும் உடம்புக்கும் தக்கபடி விளையாட்டை மாத்திச் சொல்லிக்குடுக்கிற படிப்பு.

"இதுக்கெல்லாமா ஒரு படிப்பு? கொஞ்சம் பார்த்து விளையாட வெச்சா போதாதா?"ன்னு கேக்கறவங்களுக்காகச் சில உதாரணங்கள்.

டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகள்ல சிலருக்குக் கழுத்துல முதல் ரெண்டு எலும்புக்கு நடுவுல மூட்டு தளர்வா இருக்கும். அது தெரியாம குட்டிக்கரணம் அடிக்க விட்டா தண்டுவடத்துக்கே ஆபத்து. டாக்டர் பார்த்துச் சரின்னு சொல்ற வரைக்கும் அந்தப் பயிற்சி கூடாது.

மேல்முதுகுல தண்டுவடம் அடிபட்டு வீல்சேர்ல இருக்கறவங்களுக்கு, அடிபட்ட இடத்துக்குக் கீழ வியர்வை சரியா வராது. உடம்பு சூடு இறங்க வழி இல்ல. எங்க ஊர் ஏப்ரல் வெயில்ல பதினோரு மணிக்கு மைதானத்துல விட்டா என்ன ஆகும்னு யோசிங்க. தலைக்கு மேல நிழல், அடிக்கடி தண்ணி தெளிப்பு, காலையில சீக்கிரமே பயிற்சி, இது எல்லாம் தெரிஞ்சிருக்கணும்.

தசைச் சிதைவு நோய் உள்ள பையன்கிட்ட "இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணுடா, உன்னால முடியும்"னு உற்சாகப்படுத்தறது பாசமாத்தான் தெரியும். ஆனா அளவுக்கு மீறின உழைப்பு அவன் தசைக்கு இன்னும் சேதம். அரிவாள் செல் ரத்தசோகை உள்ள பிள்ளைக்குத் தண்ணி குடிக்க விடாம ஓட வெச்சா உயிருக்கே ஆபத்தாயிடும். நம்ம மலைவாழ் சமூகங்கள் சிலதுல இந்த நோய் அதிகம்ங்கறதும் நினைவுல இருக்கட்டும்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு விசில் சத்தம் காதுல ஊசி குத்தற மாதிரி இருக்கலாம். காது கேளாத பிள்ளைக்கு விசில் ஊதினா பிரயோஜனமே இல்ல, கொடி அசைக்கணும். பார்வையில்லாத பிள்ளைக்கு ஓடற பாதையோட கடைசியில நின்னு ஒருத்தர் கை தட்டணும். ஒரே விசில், மூணு பிள்ளைக்கு மூணு விதம்.

இப்ப சொல்லுங்க, இதெல்லாம் "கொஞ்சம் பார்த்து" செய்யற வேலையா?

இந்தப் படிப்போட இன்னொரு பாதி, என்ன கூடாதுன்னு இல்ல, என்ன முடியும்னு சொல்லிக்குடுக்கறது. ஒரு விளையாட்டை நாலா பிரிச்சுப் பார்ப்பாங்க. இடம், விதி, கருவி, சொல்லிக்குடுக்கிற விதம். இதுல ஒண்ணை மாத்தினாலே ஒரு பிள்ளை ஆட்டத்துக்குள்ள வந்துடும். உக்காந்து ஆடற வாலிபால் அப்படி வந்ததுதான். மைதானம் 10க்கு 6 மீட்டர், ஆண்களுக்கு நெட் 1.15 மீட்டர் உயரம், அவ்வளவுதான் மாத்தம். கோல்பால் இன்னொண்ணு. இரண்டாம் உலகப் போர்ல பார்வை போன வீரர்களுக்காக 1946ல உண்டாக்கினது. பந்துக்குள்ள மணி, எல்லாருக்கும் கண் கட்டு. பார்வை உள்ளவனும் இல்லாதவனும் அங்க சமம்.

நம்ம விளையாட்டுக்கும் இது ஆகும். கோ-கோவுல பார்வையில்லாத பொண்ணு கூட ஒரு துணையாளை ஒரே கயிறைப் பிடிச்சு ஓட விடலாம். கபடியில ஊன்றுகோல் வெச்சிருக்கிற பையன் உக்காந்தே ஆடற மாதிரி கோட்டைச் சுருக்கலாம். கிரிக்கெட்ல ஓட முடியாதவன் அடிச்சா ரன்னர் ஓடட்டும். நம்ம தெரு கிரிக்கெட்ல "ஒன் பிட்ச் கேட்ச் அவுட்", "கிணத்துல விழுந்தா அவுட்"னு எத்தனை விதி போட்டிருக்கோம்! இடத்துக்குத் தக்கபடி விதியை வளைக்கிறதுல நம்மளை மிஞ்ச ஆள் உண்டா? :-) அதையே பக்கத்துல இருக்கிற பிள்ளைக்காகவும் வளைக்கச் சொல்றதுதான் இந்தப் படிப்பு.

சரி, தமிழ்நாட்டுல இதைப் படிக்க எங்க போகணும்?

உடற்கல்விங்கற படிப்புக்கு நம்ம ஊரு புதுசே இல்ல. ஹாரி குரோ பக் சென்னையில ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஆரம்பிச்சது 1920ல. நூறு வருஷம் தாண்டியாச்சு. உடற்கல்விக்குன்னே தமிழ்நாட்டுல ஒரு பல்கலைக்கழகம் 2005ல இருந்து நடக்குது, சென்னைக்குப் பக்கத்துல மேலக்கோட்டையூர்ல. ஊருக்கு ஊர் பி.பி.எட். கல்லூரிகள். ஆக, பி.டி. வாத்தியார் உண்டாக்குறதுல நாம சளைச்சவங்க இல்ல.

தகவமைப்பு உடற்கல்வின்னு பேர்லயே வெச்சிருக்கிற இடம்னா, கோயமுத்தூர் பெரியநாயக்கன்பாளையத்துல இருக்கிற ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவன வளாகம். தலைமையிடம் மேற்கு வங்காளத்துல பேலூர், அதோட கோவை வளாகம் இது. இங்க ஒரு புலத்தோட பேரே "பொது மற்றும் தகவமைப்பு உடற்கல்வி, யோகா". அதே வளாகத்துல குறைபாடு மேலாண்மைக்கும் சிறப்புக் கல்விக்கும் இன்னொரு புலம். எனக்கு இதுல பிடிச்சதே அந்தப் பக்கத்துப் பக்கத்து அமைப்புதான். ஒருபுறம் விளையாட்டு சொல்லிக்குடுக்கப் படிக்கிறவங்க, இன்னொருபுறம் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்குடுக்கப் படிக்கிறவங்க. ரெண்டு கூட்டமும் ஒரே கேண்டீன்ல டீ குடிச்சாலே பாதிப் பிரச்னை தீரும்னு நான் நம்பறேன்.

ஏன்னா மத்த இடத்துல இந்த ரெண்டு பேரும் சந்திக்கறதே அபூர்வம். காரணம் யாரோட கெட்ட எண்ணமும் இல்ல, நிர்வாகம். பி.பி.எட். படிப்பு என்.சி.டி.இ.ங்கற தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்துக்குக் கீழ வருது, 1993ஆம் வருஷச் சட்டம். சிறப்பு ஆசிரியர் படிப்பு ஆர்.சி.ஐ.ங்கற மறுவாழ்வுக் குழுமத்துக்குக் கீழ வருது, 1992ஆம் வருஷச் சட்டம். ரெண்டு குழுமம், ரெண்டு பாடத்திட்டம், ரெண்டு விதமான கல்லூரி. விளையாட்டு தெரிஞ்ச வாத்தியாருக்குக் குறைபாட்டைப் பத்தித் தெரியாது. குறைபாடு தெரிஞ்ச டீச்சருக்கு மைதானம் தெரியாது. நடுவுல இருக்கிற சந்துல பையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கான் எங்க தெருப் பையன்.

வெளியூர்க் கதையையும் கொஞ்சம் பார்ப்போம். 1948ல இங்கிலாந்துல ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில டாக்டர் லுட்விக் குட்மன், போர்ல தண்டுவடம் அடிபட்ட 16 பேரை வெச்சு ஒரு வில்வித்தைப் போட்டி நடத்தினார். லண்டன் ஒலிம்பிக் தொடங்கின அதே நாள்ல. இன்னிக்கு நாம கைதட்டுற பாராலிம்பிக்கோட விதை அதுதான். அவர் வீரர் தேடிப் போகல. படுக்கையில கிடந்தவங்களோட உடம்பும் மனசும் தேறணும்னு விளையாட்டை மருந்தா குடுத்தார். பதக்கம் பின்னாடிதான் வந்துச்சு.

அமெரிக்காவுல 1975ல குறைபாடுள்ள பிள்ளைகளோட கல்விக்காக ஒரு சட்டம் வந்துச்சு. அதுல சிறப்புக் கல்வின்னா என்னன்னு விளக்கற இடத்துல, பேர் சொல்லிக் குறிப்பிட்ட ஒரே பாடம் உடற்கல்வி! கணக்கு இல்ல, இங்கிலீஷ் இல்ல, விளையாட்டு. சட்டத்துல எழுதினதும் சொல்லிக்குடுக்க ஆள் வேணும்ல? அதனால கல்லூரிகள்ல இந்தப் படிப்பு வளர்ந்துச்சு. சட்டம் முதல்ல, கல்லூரி ரெண்டாவது, பிள்ளை மைதானத்துக்குப் போனது மூணாவது. அங்கயும் எல்லாம் பூரணமா நடக்குதுன்னு நான் சொல்லல. வரிசை அப்படின்னு சொல்றேன்.

நம்ம கிட்ட சட்டம் இல்லையான்னா, இருக்கு. பேஷா இருக்கு. ஐ.நா.வோட மாற்றுத்திறனாளிகள் உரிமை ஒப்பந்தத்தை இந்தியா 2007ல ஏத்துக்கிச்சு. அதுல 30வது பிரிவு, குறைபாடுள்ள பிள்ளைகளும் மத்தப் பிள்ளைகளைப் போலவே பள்ளிக்கூட விளையாட்டுலயும் கலந்துக்கணும்னு சொல்லுது. அப்புறம் 2016ல நம்ம மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 21 வகைக் குறைபாடு. அதுலயும் தற்செயலா அதே 30வது பிரிவுதான் விளையாட்டு. அரசு என்னென்ன செய்யணும்னு ஒரு பட்டியலே இருக்கு, பயிற்சித் திட்டங்களை இவங்களும் சேர்ந்துக்கற மாதிரி மாத்தி அமைக்கணும்ங்கறது உட்பட. ஆக, சட்டம் வந்தாச்சு. ரெண்டாவது படியான கல்லூரியிலதான் வண்டி நிக்குது.

"ஊனமுற்றோர்"னு சொல்லிக்கிட்டு இருந்தோம், "மாற்றுத்திறனாளி"ன்னு மாத்தினோம். நல்ல மாற்றம்தான். முதலமைச்சர் கோப்பையில அவங்களுக்குன்னு தனிப் பிரிவே இருக்கு, அதுவும் நல்லது. ஆனா கோப்பைக்கு வர்ற பிள்ளை எங்கயோ ஒரு மைதானத்துல பழகித்தானே வரணும்? மாரியப்பனுக்கு அஞ்சு வயசுல வண்டி ஏறிக் கால் நசுங்கினப்புறம், பள்ளிக்கூடத்துல ஒரு உடற்கல்வி ஆசிரியர் அவர் தாண்டறதைக் கவனிச்சுத் தட்டிக்குடுத்தார். அது அந்த ஆசிரியரோட பெருந்தன்மை. அந்த மாதிரி ஒருத்தர் அமையறது அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததா இருக்கக் கூடாதுங்கறதுதான் என் வாதம்.

இனி, இதைப் பேச ஆரம்பிச்சா வழக்கமா வர்ற கேள்விகள்.

"ஒரு பள்ளிக்கு ரெண்டு மூணு பிள்ளைதான். அதுக்காகத் தனியா ஒரு வாத்தியாரா?" தனியா வேணாம்ங்க. இருக்கிற வாத்தியாருக்கே சொல்லிக்குடுங்கன்னுதான் கேக்கறேன். 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர். ரெண்டு மூணு பேர்னு நினைக்கறது, அவங்க வெளிய வராததால.

"வட்டார வள மையத்துல பிசியோதெரபி குடுக்கறாங்களே?" குடுக்கறாங்க, அவசியமானது. ஆனா பிசியோதெரபி வேற, விளையாட்டு வேற. அங்க பிள்ளை நோயாளி, ஒரு ரூம்ல தனியா. மைதானத்துல அதே பிள்ளை ஒரு டீமோட ஆள். "பாஸ் குடுறா"ன்னு இன்னொருத்தன் கத்தணும், தோத்தா சேர்ந்து திட்டு வாங்கணும். அது எந்தத் தெரபியிலயும் கிடைக்காது.

"அடிபட்டா யார் பொறுப்பு?" இதுதான் ஆசிரியர்களோட உண்மையான பயம், நியாயமான பயமும் கூட. பயிற்சி இல்லாதவர் பயப்படறதுதான் சரி. அதுக்கு மருந்து உக்கார வைக்கறது இல்ல, பயிற்சி.

"படிச்சா வேலை எங்க?" இந்தக் கேள்விக்கு எனக்கும் கோபம் வரும். நாளைக்கு எங்க ஊர்ப் பொண்ணு ஒண்ணு மொரப்பூர்ல ரயில் ஏறி வெளியூர் போய் இதையே விசேஷமா படிச்சுட்டு வந்தா, "தகவமைப்பு உடற்கல்வி ஆசிரியர்"னு ஒரு பணியிடம் எந்த விளம்பரத்துலயாவது நீங்க பார்த்திருக்கீங்களா? பணியிடம் இல்லாததால படிக்க ஆள் வராது, ஆள் இல்லாததால பணியிடம் வராது. இந்த முடிச்சை அரசாங்கம்தான் அவிழ்க்கணும்.

எங்க மாவட்டத்துக்காரங்களுக்கு இதுல கூடுதலா ஒரு கவலை உண்டு. தர்மபுரித் தண்ணியில புளோரைடு. பல்லு மஞ்சளாகறது எல்லாருக்கும் தெரியும். பல வருஷம் குடிச்சா எலும்பு, மூட்டு வரைக்கும் போய் முதுகு, கழுத்து, முட்டி எல்லாம் விறைச்சுப் போகும். இதுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல வந்துச்சு. இனி வர்ற பிள்ளைகளுக்கு அது வரப்பிரசாதம். ஆனா அதுக்கு முன்னாடி முப்பது நாப்பது வருஷம் போர்த் தண்ணி குடிச்ச தலைமுறை ஒண்ணு இருக்கே? குனிஞ்சு நிமிர முடியாத பெரியவங்களுக்கு, வலிக்காம உடம்பை அசைக்க யார் சொல்லிக்குடுப்பா? தகவமைப்பு உடற்பயிற்சிங்கறது பள்ளிப் பிள்ளையோட நிக்கற விஷயம் இல்ல. அந்தப் படிப்பு படிச்ச ஒருத்தர் ஒன்றியத்துக்கு ஒருத்தர் இருந்தா, வாரத்துக்கு ஒரு நாள் ஊர் ஊரா போய் இவங்களுக்கும் வகுப்பு எடுக்கலாமே.

என்ன செய்யலாம்? என் சிற்றறிவுக்கு எட்டினது நாலு.

ஒண்ணு, எல்லா பி.பி.எட். கல்லூரியிலயும் தகவமைப்பு உடற்கல்வி கட்டாயப் பாடமா இருக்கணும், எழுதிப் பாஸ் ஆகறதோட நிக்காம. படிப்பு இப்ப ரெண்டு வருஷம். பள்ளிக்கூடத்துல பாடம் எடுத்துப் பழகற நாட்கள் அதுல உண்டு. அதுல ஒரு பத்து நாளாவது சிறப்புப் பள்ளியிலயோ, குறைபாடுள்ள பிள்ளைகள் படிக்கிற சாதாரணப் பள்ளியிலயோ இருக்கட்டும்.

ரெண்டு, ஏற்கனவே வேலையில இருக்கிற ஆசிரியர்களுக்கு லீவு நாள்ல ஒரு வாரப் பயிற்சி. சிறப்பு ஆசிரியர்களையும் அதே ஹால்ல உக்கார வைங்க. பேசிக்கட்டும்.

மூணு, மாற்றுத்திறனாளிகளே இந்தப் படிப்புக்கு வரணும். பி.பி.எட். சேர்க்கையில எழுத்துத் தேர்வோட உடல்திறன் தேர்வும் உண்டு. 2016 சட்டம் அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வியில 5 சதவீத இடம் குடுக்குது. ஒரு கையால பண்ணவே முடியாத தேர்வை வெச்சுட்டு அஞ்சு சதவீதம் காலியா இருக்குன்னா எப்படி? தேர்வையும் ஆளுக்குத் தக்கபடி மாத்தணும். கால் இல்லாத ஒருத்தர் விசில் மாட்டிக்கிட்டு மைதானத்துல நின்னா, மரத்தடியில இருக்கிற பிள்ளைக்கு அதைவிடப் பெரிய பாடம் வேணுமா?

நாலு, அந்தப் பணியிடம். பள்ளிக்கு ஒண்ணு வேணாம், ஒன்றியத்துக்கு ஒண்ணுல ஆரம்பிங்க.

இதுல கோடிக்கணக்குல செலவு எதுவும் இல்ல. மணி வெச்ச பந்து, கொஞ்சம் கயிறு, சுண்ணாம்புக் கோடு, கொடி நாலு, சொல்லிக்குடுக்கத் தெரிஞ்ச ஒரு ஆள். முதல் நாலும் எங்க ஊர்லயே கிடைக்கும். அஞ்சாவதுக்குத்தான் கல்லூரி வேணும்.

நம்ம பதிவர்கள்ல உடற்கல்வி ஆசிரியர்கள், சிறப்பு ஆசிரியர்கள் இருந்தா தயவுசெய்து பின்னூட்டத்துல உங்க அனுபவத்தைச் சொல்லுங்க. நான் சொன்னதுல நடைமுறைக்கு ஒத்து வராதது இருந்தா திட்டியே சொல்லுங்க, பரவாயில்ல. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பறவங்க இன்னிக்கு சாயந்திரம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: "உங்க வகுப்புல பி.டி. பீரியட்ல யாராவது விளையாடாம உக்காந்திருக்காங்களா?" பதிலையும் இங்க எழுதுங்க. எத்தனை மரத்தடி, எத்தனை பைன்னு கணக்கெடுப்போம்.

டிஸ்கி: "கருணை", "தெய்வப் பிறவி", "கடவுளின் குழந்தை" போன்ற பின்னூட்டங்கள் வெளியிடப்பட மாட்டாது. அந்தப் பிள்ளைகளுக்கு அதெல்லாம் போதும் போதும்ங்கற அளவு கிடைச்சாச்சு. வேணும்கறது ஒரு பந்து. :-)